ஐம்பதாவது பெயர்

மார்ச் 3, திங்கள்

இன்று மூன்று தேடல் கருவிகளுக்கும் கடவுச்சொல் வந்துவிட்டது. ஒரு மாதம் இலவசம். 31ஆம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணத்தோடு மேலாளரிடம் எழுதித் தர வேண்டும். மூன்றின் பெயரும் வாயில் நுழையவில்லை. பக்கத்து மேசைக் கிளி திரையின் நிறத்தைப் பார்த்து வேறு பெயர் வைத்துவிட்டாள்: நீலம், பச்சை, ஆரஞ்சு. (இவளைக் கிளி என்பது, நாளைக்கு நாற்பது பேரிடம் ஒரே வாக்கியத்தைப் போனில் சொல்வதால்.)

மருந்தும் ரத்தமும் சூடேறாமல் போய்ச் சேரக் குளிர்ப்பெட்டி விற்கிறோம். எந்த மருத்துவமனையில், எந்த ஆய்வகத்தில், யார் வாங்கும் பொறுப்பில் இருக்கிறார், அவருடைய நேரடி எண் என்ன என்று தேடுவதிலேயே பாதி நாள் போகிறது. கருவியில் பெயரைப் போட்டால் பதவி, எண், மின்னஞ்சல் எல்லாம் வருமாம். பக்கத்திலேயே ஒரு சதவீதமும் வரும். இதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு.

மனிதர்களுக்கும் நெற்றியில் அப்படி ஒன்று இருந்தால்? யோசித்துக்கொண்டே டீயை ஆறவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பரிசோதனைக்கு ஐம்பது பேர் கொண்ட பட்டியல் தயாரித்தேன். எல்லாரும் நான் போனில் பேசி, பதவியும் எண்ணும் உறுதியாகத் தெரிந்தவர்கள். கருவி சொல்வதை இந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டியதுதான். நாற்பத்தொன்பது சேர்ந்தது. ஐம்பதாவது இடத்துக்கு யாரும் அகப்படவில்லை. மணி ஐந்தரை. கீழே காரில் இவர் ஹாரன் அடித்துவிட்டார்.

என் பெயரையே போட்டேன். என்னைவிட உறுதியாக எனக்கு யாரைத் தெரியும்?

மார்ச் 6, வியாழன்

நீலம் முப்பத்தொரு பேரைக் கண்டுபிடித்தது. அதில் இருபத்தொன்பது சரி. மீதிப் பத்தொன்பது இடத்தையும் காலியாக விட்டுவிட்டது. பச்சை முப்பத்தெட்டு, சரி இருபத்தாறு. ஆரஞ்சு ஐம்பதையும் நிரப்பித் தந்தது. சரியாக இருந்தது இருபத்தேழு.

நீலத்தில் நான் இந்த அலுவலகத்தில்தான் இருக்கிறேன். பச்சையிலும்.

ஆரஞ்சில் நான் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய உறைபனி உணவு நிறுவனத்தில் இருக்கிறேன். துணைப் பொது மேலாளர், கொள்முதல். பதினோரு வருட அனுபவம். நேரடி எண் உண்டு.

91 சதவீதம்.

மார்ச் 7, வெள்ளி

மாலையில் காரில் நாங்கள் மூவர், வழக்கம்போல. கிளி அடுத்த தெருதான், பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். சிக்னலில் அந்த நிறுவனத்தின் லாரி வந்து பக்கத்தில் நின்றது. வெள்ளை லாரி, பக்கவாட்டில் பச்சைப் பட்டாணி படம்.

"வந்துட்டானுங்க, ஏமாத்துக்காரப் பசங்க" என்றார் இவர்.

"ஏன் மாமா, பட்டாணி உங்கள என்ன பண்ணுச்சு?"

"உங்க அக்கா சொன்னதில்லையா? வேலைக்கு ஆர்டர் கொடுத்து, போட்டோ எடுத்து, சேர்ற அன்னைக்குப் போய் நின்னா ரத்து பண்ணிட்டோம்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. பதினோரு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அவன் பட்டாணி ஒண்ணு நம்ம வீட்டுப் படி ஏறினதில்ல."

"அடேங்கப்பா! பரம்பரைப் பகை!"

இருவரும் சிரித்தார்கள். நான் கண்ணாடி வழியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கதவிடுக்கிலிருந்து மெல்லிய வெண்புகை கசிந்து, தரையைத் தொடுவதற்குள் கரைந்துகொண்டிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்காவது.

அவர்கள் ரத்து செய்யவில்லை. அன்று காலை எட்டு நாற்பதுக்கு நான் வாசலுக்குப் போனேன். புதுச் செருப்பு. ஆட்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. எல்லாருக்கும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் என்றுதான். பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன்.

பயம் என்று சொல்லலாம். ஆனால் பயமாக இல்லை. தூக்கம் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கதவைத் திறந்து, "என்னம்மா, அதுக்குள்ள?" என்றார். "ரத்து பண்ணிட்டாங்க" என்று வாய் சொன்னது. அவர் எனக்காகக் கோபப்பட்டார். அவ்வளவு கோபப்பட்டவரிடம் அப்புறம் எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் கோபமாகத்தான் இருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது. ஒவ்வொரு வேளையும் சோற்றைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

அவளைப் பற்றியே யோசனை. ஆரஞ்சில் இருக்கிறவளை. இரண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கிறாள். ஜன்னலோரம் மேசை இருக்கும். ஜன்னலில் கப்பல் தெரியுமா? குளிர் அறைக்குள் போய்வந்தால் அவள் மூக்குக்கண்ணாடியில் பனி படியும், துடைக்காமல் ஒரு நிமிடம் அப்படியே நிற்பாள். என்னைவிட மெதுவாகப் பேசுவாள். "பார்க்கலாம்" என்பாள், பார்ப்பாள்.

பெட்டிகளின் விலைப்பட்டியலில் இரண்டு பிழை விட்டேன். கிளி பார்த்துத் திருத்தினாள். "எங்கக்கா இருக்கீங்க?" என்றாள்.

நல்ல கேள்வி.

மார்ச் 13, வியாழன்

மேலாளருக்கு ஆரஞ்சுமேல் கண். "ஐம்பதுக்கு ஐம்பது நிரப்பியிருக்கு மேடம்! காலி இடமே இல்ல, பாக்கவே நிறைவா இருக்கு." அதில் இருபத்து மூன்று தவறு என்றேன். "சரி, ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல காரணம் எழுதுங்க. ஏன் தப்பாச்சுன்னு தெரிஞ்சாத்தான் எது பரவாயில்லை, எது ஆகாதுன்னு முடிவு பண்ண முடியும்."

பதினான்கு பழைய எண்கள். எட்டுப் பேர் வேலையை விட்டுப் போன பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இருபத்திரண்டுக்கும் காரணம் எழுதிவிட்டேன்.

ஐம்பதாவது பெயருக்கு எதிரே கட்டம் காலி. அழித்துவிட்டு வேறு ஒருவரைப் போடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் தவறான விடை வந்த பிறகு கேள்வியை மாற்றினால் அது பரிசோதனை இல்லை. எழுதினால், கிளி படிப்பாள். கிளி படித்தால் மாலை ஐந்தரைக்குக் காரில் அது பேச்சு. இவர் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார், சாலையைத்தான் பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

மார்ச் 14, வெள்ளி

கட்டம் இன்னும் காலி.

மார்ச் 17, திங்கள்

ஆரஞ்சின் விற்பனைக்காரர் வந்தார். நல்ல சிரிப்பு. என் வரியைக் காட்டி, இது எப்படி என்று கேட்டேன். யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. அவரே படித்துவிட்டு என் மேசைப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"டேட்டா சரிதான் மேடம். நீங்கதான் அங்க போகல."

கிளி விழுந்து விழுந்து சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள், நல்லவேளை. நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

போகும்போது அவரே விளக்கினார். நியமனப் பட்டியல் எங்கிருந்தோ வருகிறது. அப்புறம் அந்த எண்ணுக்கு விற்பனை அழைப்புகள் போகின்றன. ஆள் இருக்கிறார் என்று பதில் வந்தால் நம்பிக்கைச் சதவீதம் ஏறும். பதவியை வருடக் கணக்கை வைத்துக் கருவியே உயர்த்திக்கொள்ளும்.

"அப்ப இந்த எண்ல யாரோ 'இருக்காங்க'ன்னு சொல்லியிருக்காங்களா?"

"நிறைய தடவை மேடம். இல்லேன்னா 91 வராது."

மார்ச் 18, செவ்வாய்

அழைத்தேன். மதிய இடைவேளையில், மாடிப்படியில் நின்று. என் பெயரையே சொல்லி, "இருக்காங்களா?" என்றேன்.

"மீட்டிங்ல இருக்காங்க. நீங்க யார் பேசறது?" பெண் குரல். சுறுசுறுப்பான குரல்.

என் பெயரைச் சொன்னேன்.

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம், "அய்யோ! நீங்களா? நிஜமாவே ஒரு ஆளா நீங்க?"

நான் போகாத வேலைக்கு ஒன்றரை மாதம் கழித்து வந்து சேர்ந்தவள். இப்போது கொள்முதல் மேலாளர். "வந்த நாள்ல இருந்து உங்களக் கேட்டு போன். முதல்ல அப்படி யாரும் இல்லைன்னுதான் சொன்னேன். சொன்னா, 'அப்ப நீங்க யாரு மேடம்?'னு என்னைப் பிடிச்சுக்குவாங்க. அப்புறம் ஒரு நாள் வாய் தவறி மீட்டிங்ல இருக்காங்கன்னு சொன்னேன். உடனே வெச்சுட்டாங்க. அதுல இருந்து..." அவள் சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. பதினோரு வருஷமா நீங்க மீட்டிங்லதான் இருக்கீங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க அட்டை கூட இருக்கு. அடையாள அட்டை. என் மேசை டிராயர்ல கிடந்துச்சு. முகம் இருக்கே, தூக்கிப் போட மனசு வரல. அது சரி, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

குளிர்ப்பெட்டி விற்கிறேன் என்றேன்.

"அடப்பாவமே, நீங்களும் விக்கறவங்கதானா!"

மார்ச் 20, வியாழன்

கனவு. நீளமான மேசை, சுற்றிலும் ஆட்கள், எல்லார் முன்னாலும் ஆவி பறக்காத டீ. நான் பேசிக்கொண்டிருக்கிறேன், வாயிலிருந்து வெண்புகை வருகிறது, சொல் வரவில்லை. வெளியே யாரோ என்னைக் கேட்கிறார்கள். கதவருகே இவர் குரல். "மீட்டிங் முடியட்டும், நான் இருக்கேன்" என்கிறார். முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அரை நாள் விடுப்பு. வரவேற்பறையில் அவள் உறையை நீட்டினாள். என்னைவிட உயரம். கை ஐஸாக இருந்தது. நான் என்ன கேட்டேன்? "இங்க ஜன்னல்ல கப்பல் தெரியுமா?" என்றேன். "ஜன்னலா? கோடவுன் சுவர்தான் தெரியும்" என்றாள்.

அட்டையில் முப்பத்தைந்து வயதில் நான். சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம்.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் அட்டையை வைத்தேன். இவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடித்துப் பார்த்தார். நான் வாசலில் தொடங்கி, பஸ் நிறுத்தம், பன்னிரண்டரை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். காரணம் கேட்டால் காரணம் இல்லை என்றும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்ல."

"நான் வீட்டுலதானே இருந்தேன். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவனுங்களத் திட்டிட்டே இருந்தேன்."

எழுந்து போய்விட்டார். அட்டை மேசையிலேயே இருந்தது.

மார்ச் 24, திங்கள்

"சாவி எங்க." "பால் இருக்கா." இரண்டு நாளாக இவ்வளவுதான். கிளி பின்சீட்டிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளே அடங்கிப்போனாள் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 26, புதன்

ஐம்பதாவது பெயருக்கு எதிரே எழுதினேன்: "இவர் இந்த நிறுவனத்தில் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். கருவி இதை அறிய வழி இல்லை. ஆனால் அறியாததைக் காலியாக விடவும் அதற்குத் தெரியவில்லை. பரிந்துரை: நீலம்."

மேலாளர் இரண்டு முறை படித்தார். "இவர்னா?"

"நான்தான் சார்."

பேனாவை மூடினார். "ஐம்பதுக்கு ஐம்பதுன்னு சந்தோஷப்பட்டேனே" என்றார். பிறகு, "நீலமே எடுத்துக்கலாம்."

கிளி அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 28, வெள்ளி

அதே சிக்னல். அதே வெள்ளை லாரி. மூவரும் பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவர்தான் ஆரம்பித்தார், சாலையைப் பார்த்தபடி. "பதினோரு வருஷம். யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் அந்தக் கம்பெனி ஐஸ்கிரீமா, வேண்டாம்னு சொல்லியிருக்கேன். பட்டர்ஸ்காட்ச் கூட."

கிளிதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாக. அப்புறம் நான். இவர் சிரிக்கவில்லை. ஆனால் விளக்கு பச்சையான பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஏப்ரல் 2, புதன்

துறைமுகத்துக்காரி போனில் அழைத்தாள். மாதிரிக்கு ஒரு பெட்டி அனுப்பச் சொன்னாள். வைப்பதற்கு முன், "சொல்ல மறந்துட்டேன். நேத்து உங்களக் கேட்டு ஒரு போன் வந்துச்சு."

"மீட்டிங்ல இருக்காங்கன்னு சொன்னீங்களா?"

"இல்ல. மீட்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐஸ் கட்டி எடுக்க உறைபெட்டியைத் திறந்தேன். தட்டுக்குப் பின்னால் அந்த நிறுவனத்தின் பட்டாணிப் பை. வாயை மடித்து, இவர் கடை ரப்பர் வளையம் போட்டிருந்தது. பாதிக்குமேல் காலி. அப்படியானால் இந்த வாரமே நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

எப்போது வாங்கினார் என்று கேட்கவில்லை. வெண்புகை முகத்தில் படக் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

"கதவ மூடும்மா, உருகிடப் போகுது" என்றார் கூடத்திலிருந்து.