அனல் நிலையத்துக்கு இன்னும் பத்து வருஷம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எங்களைக் கேட்டால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்குக் கொஞ்சம் சத்தத்தோடு ஓடுகிறது, அவ்வளவுதான்.

உன் தங்கை மகள் வாலு போன மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தாள், இப்போது பரவாயில்லை, பயந்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தின் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம், உதடு நீலம் பாரித்துப்போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா, "இந்த மாதிரிக் குழந்தைங்க வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டேதான் வர்றாங்கம்மா, மருந்து குடுப்பேன், காத்தை மாத்த என்னால முடியாது" என்றார். நான் சும்மா இருக்காமல், என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது கொடியில் போட்ட சட்டையெல்லாம் கரி படிந்து கிடக்கும், அனல் நிலையத்துப் புகைபோக்கியில் வடிகட்டி வைத்த பிறகு துணி வெள்ளையாகத்தானே காய்கிறது என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரிகிற கரிதான் குறைந்ததாம். தெரியாத பொடி நுரையீரலைத் தாண்டி ரத்தம் வரைக்கும் போகுமாம். இரண்டு உலை இருந்தது நாலாகிவிட்டது, நெடுஞ்சாலையில் லாரியும் காரும் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது, வடிகட்டி பிடித்துவைத்ததையெல்லாம் இவை ஈடுகட்டிவிட்டன என்றார். கரியென்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், இதை நான் எந்தத் துணியால் துடைக்க?

நிலையத்தை இந்த வருஷம் மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததே, அதற்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அப்பா தானும் பேசப்போவதாகச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மூடச் சொல்வார் என்று உன் தங்கை நினைத்தாள். மாப்பிள்ளைக்கு அங்கேதானே நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை, மாமா நம்மைக் கைவிடமாட்டார் என்று அவர் நினைத்தார். மண்டபத்தில் ஒரு பக்கம், "வேலையைப் பிடுங்கிட்டு நல்ல காத்தைத் தின்னச் சொல்றீங்களா?" என்று கத்தினார்கள். மறுபக்கம், "புள்ளைங்க மூச்சுக்குத் தவிக்குது, உங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று கத்தினார்கள். நடுவில் அடுத்த வீட்டுத் தும்மல் மாமா கூரை அதிரத் தும்மினார், யார் பக்கம் தும்மினார் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கைதட்டினார்கள், போ. அப்பா மைக்கைப் பிடித்து, "முப்பது வருஷம் அந்த உலைக்குத் தீனி போட்டவன் நான். என் புள்ளைங்களைப் படிக்கவெச்சது அதுதான். என் பேத்தி..." என்றார். முன்வரிசையில் மாப்பிள்ளை, அவர் பக்கத்திலேயே உன் தங்கை. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். கடைசியில் ஓர் அதிகாரி எழுந்து, மின்சாரத் தேவை கூடிவிட்டதால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சொன்னார். முடிவைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள், எங்களைக் கூப்பிட்டது ஒப்புக்குத்தான். மாப்பிள்ளைக்கு வேலை தப்பியது, ஆனால் மனுஷன் தலை நிமிரவே இல்லை.

மறுவாரம் உன் தங்கை வாலுவைக் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, மாப்பிள்ளையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டார். அங்கே சுற்றுவட்டாரத்தில் ஒரு புகைபோக்கி கிடையாது. முதலில் பிள்ளை நன்றாக ஓடி ஆடினாளாம், அப்புறம் காற்று திசை திரும்பி ஊரே மங்கிப்போக, மறுபடியும் இழுப்பு வந்துவிட்டது. "எங்கேயோ எரியுறது இங்கே வருதும்மா, நான் இன்னும் எங்கே போறது?" என்று போனில் அழுதாள். திரும்பி வா என்று சொல்லவா, அங்கேயே இரு என்று சொல்லவா? பெற்றவளுக்கு ஒரு பதில் தெரிய வேண்டாமா, எனக்குத் தெரியவில்லையடா. அப்பா கூட்டம் நடந்த அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு திரிகிறார். இருட்டில் இடித்துக்கொள்கிறேன் என்று திட்டினால், "நம்மால ஆனது இவ்வளவுதான், விடு" என்கிறார்.

நீ காலையில் சாலையோரமாக ஓடுவதாக மருமகள் சொன்னாள். வானம் மங்கலாக இருக்கிற நாளில் ஓடாதே. தெளிவாக இருக்கிற நாளில் மட்டும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஓடவே ஓடாதே என்று எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன், பார். வயசுப் பிள்ளை ஓடாமல் எப்படி இருப்பாய்? ஓடு, மெதுவாக ஓடு. இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மூச்சோடும் இருக்க எங்கள் ஆசி. தங்கைக்குப் போன் போட மறக்காதே. அவள் அழுதால் சமாதானம் சொல்லாதே, கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா