எண்ணெய் விட்ட ஆப்பு

சீனன்குடா,
ஆவணி 1974

பாசமுள்ள அக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னனான். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் முழங்கால் நோவு எப்படி? பிள்ளைகள் சுகமா? மாமன் மலைபோல இருக்கிறான் என்று அவர்களிடம் சொல்லுங்கோ.

எங்கள் ரயில் யார்டில் ஒரு சாமான் பெட்டி ஓடும்போது பெண்பிள்ளை மாதிரி அழும். பேய் என்றார்கள். நான் குனிந்த உடனேயே கண்டுபிடித்துவிட்டேன். தண்டவாளத்தில் உருளுகிற சில்லுக்கு மேலே ஸ்பிரிங் இருக்கும். அது கண்டபடி துள்ளாமல் உராய்ந்து அடக்க ஒரு இரும்பு ஆப்பு இருக்கும். அந்த ஆப்புத்தான் அழுதது. என்னோடு அறையில் இருக்கிற தாஹிர், உங்கள் கருவாட்டுக்கு உயிரை விடுகிற கிண்ணியாக்காரன், அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டான்.

“பாவம் அண்ணே, கேக்க ஏலாமக் கிடக்கு.”

“மடையா, ஆப்பு உராயத்தான் வேணும். வழுக்கினா பெட்டி துள்ளும்” என்றேன். பெரிய எஞ்சினியரே என்னிடம் கேட்டுத்தான் நடப்பார்.

அழுகை நின்றது. கந்தளாய் வளைவில் பெட்டி துள்ளித் துள்ளித் தண்டவாளத்தை விட்டது. பிரேக் பிடிக்க அதில் ஏறியிருந்த தாஹிர் ஆட்டுக்குட்டி மாதிரிக் குதித்து, இடுப்புச் சாரத்தைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பயப்படாதேங்கோ.

உடைந்த பெட்டியை இழுத்து வந்து என் அறைக்கு நேரே விட்டிருக்கிறார்கள். துறைமுகக் காற்றுக்கு அது ஆடுகிறது. அழுவதில்லை. அழுதாலாவது எனக்கு நித்திரை வரும்.

கருவாடு இந்த முறை ஒரு ஆளுக்கு மட்டும் அனுப்புங்கோ. தபால்காரன் வந்துவிட்டான், நிறுத்துகிறேன்.

உங்கள் தம்பி
சவிரி

அக்கா, தாஹிர் குதித்தது மட்டும் நான் கட்டிய கதை.