பனிமலையில் ஒரு தவக்காலம்

போனில் இடம் இல்லையாம். நேற்று காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நம் மகள் என் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இந்தப் பனிமலை வெளையாட்டு ரொம்ப எடத்த அடைக்குது. தூக்கிறவா?" என்றாள். திரையில் அந்த நீல மலையும் அதன் அடியில் நம் மரவீடும் தெரிந்தன. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். போட்டோவை வேண்டுமானால் அழி, இதைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். கண்ணில் தண்ணீர் வந்ததை வெங்காயத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப் போகிறது. உங்களுக்குக் கடிதம் எழுதியோ இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கல்யாணமான புதிதில் எழுதினதுதான். பிறகு போன் வந்தது, பேச்சு குறைந்தது. சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா, மகள் படிக்கிறாளா, வைக்கட்டுமா. அரபு நாட்டில் ஏசி மெக்கானிக்காக வெயிலில் காய்ந்த மனிதரும், ஆவூரில் பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்த டீச்சரும் அதற்கு மேல் என்னத்தைப் பேசுவது?

அப்போதுதான் அந்த விளையாட்டைப் பிடித்தீர்கள். உங்கள் ரூமில் இருந்தவர்கள் ஆடினார்களாம். ஆளே இல்லாத பனிக்காட்டில் இரண்டு பேர் மரம் வெட்டி வீடு கட்டி, தீ மூட்டி, மீன் பிடித்துக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். நீங்கள் அங்கே, நான் இங்கே. திரையிலோ பக்கத்தில் பக்கத்தில் நிற்போம், பேசிக்கொண்டே ஆடலாம். உயிர் ஒன்றுதான். யாராவது ஒருவர் செத்தாலும் வீடு, சாமான் எல்லாம் அழிந்துபோகும். இந்த வயதில் இது ஒன்றுதான் குறைச்சல் என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. நான் பள்ளி விட்டு வந்து டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நாம் சேர்ந்து நின்று கட்டின முதல் வீடு அது.

ஆனால் உங்களோடு ஆடுவது இருக்கிறதே, அப்பப்பா! ஓநாய் பல்லைக் காட்டிக்கொண்டு வரும். நான் வில்லை எடுப்பேன். "பொறு புள்ள" என்று நீங்கள் குறுக்கே வந்து நிற்பீர்கள். கையில் இருக்கிற மீனை ஒரு பக்கம் எறிந்துவிட்டு, தீப்பந்தத்தைக் காட்டியபடியே பின்னால் நடப்பீர்கள். காற்று அடிக்கிற பக்கம் பார்த்து, கரடிக்கு நம் வாடை போகாமல் சுற்றிப் போவீர்கள். காட்டுப்பன்றி துரத்தினால் பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அது சலித்துத் திரும்புகிறவரைக்கும் ஊர்க்கதை கேட்பீர்கள். கடிக்க வருகிறதற்கு என்னமோ சம்பந்தி வீட்டார் மாதிரி மரியாதை செய்கிறீர்களே என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! "அது எடத்துக்குத்தான நாம வந்திருக்கோம். வந்த எடத்துல அடக்கமா இருக்கணும்" என்பீர்கள். உங்கள் கம்பெனி ரூமையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குப் படும். 

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று ஒரு பந்தயம் கட்டினோம். உங்கள் ஒப்பந்தம் முடிகிற சமயம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனி தாளை நீட்டியிருந்தது. போதும், வந்துவிடுங்கள் என்று நான். மகள் படிப்பு முடியட்டும் என்று நீங்கள். வழக்கமான சண்டைதான். நெற்றியில் சாம்பலோடு போனைப் பிடித்துக்கொண்டு நான்தான் ஆரம்பித்தேன். தவக்காலத்தில் வீட்டில் கறி இல்லை, விளையாட்டிலும் வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் மீனைத் தவிர எந்த உயிரையும் கொல்லக் கூடாது. நீங்கள் கொன்றால் ஊருக்கு வந்துவிட வேண்டும். நான் கொன்றால் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். கரடி நேரே மேலே விழுந்தால் உங்கள் பொறுமை எத்தனை நாள் தாங்கும் என்ற நினைப்பு எனக்கு. இரண்டு பேருமே கொல்லாவிட்டால் என்ன என்று பேசவில்லை. கெட்டிக்கார டீச்சர் என்று ஊரில் பெயர் வேறு!

முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் ஓர் ஓநாயைக் கொன்றேன். தனியாக ஆடிக்கொண்டிருந்தேன், விடாமல் பின்னாலேயே வந்தது, கை சும்மா இருக்கவில்லை. அடுத்த வெள்ளி வீட்டு வாசலில் தோலைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டீர்கள். 'என்னது' என்றுகூடக் கேட்கவில்லை. தவக்காலத்து ஞாயிறு நாற்பது நாளில் சேராது, நம் தெருவிலேயே ஞாயிறு கறி எடுக்கிறார்கள், சாமியாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வக்கீலாக மாறி வாதாடினேன்.

"ஞாயித்துக்கெழமன்னு ஒனக்குத் தெரியும். ஓநாய்க்குத் தெரியுமா?" என்றீர்கள்.

பிறகு சிரித்துவிட்டு, சரி, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். அன்றே ஜெயித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஏன் விட்டீர்கள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. பிழைத்தோம் என்று கோயிலுக்கு, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு ஓடினேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் விளையாட்டு கூடாது என்று பேசியிருந்ததால் அதுதான் கடைசி ஆட்டம். நீங்கள் விறகு தூக்கிக்கொண்டு வந்தீர்கள், நான் வீட்டு வாசலில் நின்றேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து கரடி வந்தது. எறிவதற்கு உங்களிடம் மீன் இல்லை, பந்தமும் அணைந்திருந்தது. அது அறைந்த ஒரே அடியில் கீழே விழுந்தீர்கள். கையில் கோடரி இருந்தது. வெட்டுங்க, வெட்டுங்க என்று கத்தினேன். வெட்டினால் உயிரும் தப்பும், நீங்களும் ஊருக்கு வருவீர்கள். நீங்களோ கோடரியைப் போட்டுவிட்டுச் செத்தவர் மாதிரி அசையாமல் கிடந்தீர்கள். கரடி நம்பவில்லை. உங்கள் உயிரைக் காட்டுகிற கோடு சிவப்பாகிச் சுருங்கிக்கொண்டே வந்தது.

என் வில்லில் அம்பு தயாராக இருந்தது. விட்டால் நீங்கள் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். விடாவிட்டால் நம் வீடு போயிற்று, என் கண்ணெதிரே நீங்களும் போவீர்கள்.  கோயிலில் சிலுவைப்பாதைக்கு மணி அடித்தது.

என்ன தோன்றியதோ, வில்லைப் போட்டுவிட்டு வீட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே குளிர்காலம் முழுவதற்கும் நாம் உலர்த்தி வைத்த மீன், மூன்று மாத உழைப்பு. கரடி மூக்கைத் தூக்கியது. உங்களை விட்டது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அது அசைந்து அசைந்து உள்ளே போய், ஒன்று விடாமல் தின்ன ஆரம்பித்தது. நீங்கள் தள்ளாடி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். வீட்டுக்குள் கரடி, வெளியே பனியில் புருஷன் பெண்டாட்டி. வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நீங்கள் சிரிப்பை நிறுத்தினீர்கள். 

"கரடிக்கே வீட்டத் தெறந்து விட்டுட்ட. நான் வாரேன் புள்ள" என்றீர்கள்.

அன்று சிலுவைப்பாதைக்குத் தாமதமாகப் போய், முழங்காலிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். டீச்சருக்கு என்ன பக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

நாலு வருடம் வீட்டில் இருந்தீர்கள். கீரனூரில் ஏசி ரிப்பேர் கடை போட்டீர்கள். குறட்டை விட்டீர்கள், குழம்பில் உப்பில்லை என்றீர்கள், மகளைக் கல்லூரிக்கு நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். நாம் வாரத்துக்கு இரண்டு முறை சண்டை போட்டோம், நேருக்கு நேராக. துக்கத்துக்கு வந்தவர்கள், பாவம், வெளிநாட்டிலேயே அவன் காலம் போயிற்று என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. இல்லை, வந்துவிட்டார் என்று சொன்னேன்.

போன மாதம் உங்கள் அண்ணன் வந்தார். நம் வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பை நான் தள்ளி வெட்டச் சொன்னேன் என்று யாரோ மூட்டிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று தெருவே கேட்கக் கத்தினார். எனக்குச் சொல்லவா வராது? நாக்கு நுனியில் நறுக்கென்று நாலு வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் கை போய்க் கேட்டைத் திறந்தது. "உள்ள வாங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் சண்ட போடலாம்" என்றேன். அவருக்கே திகைப்பு. விறைப்பாகத்தான் உட்கார்ந்தார். மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கும்போது, இது தம்பிக்குப் பிடிக்குமே என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். வரப்பைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை.

அவர் போன பிறகு சட்டியைப் பார்த்தேன். எனக்கென்று ஒரு துண்டு மீன் மிச்சமில்லை. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லாததுதான் குறை. மற்றபடி அன்றைக்குப் போலவே வயிறு வலிக்கச் சிரித்தேன்.