என் காதில் விட்ட பூண்டு எண்ணெய்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் அத்தையும் சுகம்தானே? போனில் பேசினால் அத்தை பிடுங்கிக்கொள்வார் என்றுதான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். பாப்பாவுக்குக் காதில் சீழ் என்றதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கே கம்பெனி அறையில் என்னோடு தங்கியிருக்கும் எல்லோருமே வைத்தியர்கள். "பூண்டு எண்ணெய் விடச் சொல்லுண்ணே, பட்டுனு கேட்கும்" என்றான் பக்கத்துக் கட்டில் பிளம்பர். பிள்ளைக்கு முன்னால் நானே சோதிக்கலாமென்று என் காதில் விட்டேன். சூடு பார்க்காத மேதை நான்! காதுக்குள் கொப்புளம். பயப்படாதே, இன்னொரு காது நன்றாகவே கேட்கிறது.

காதைக் காட்டப் போன இடத்தில் நர்ஸ் திட்டினார்: "குழந்தைக்குச் சீழ் வந்தா எதையும் ஊத்தக் கூடாது. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

அத்தை எண்ணெய் காய்ச்சுவதற்குள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. மருந்துச்சீட்டைப் படமெடுத்து அனுப்பு. அவள் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பு; அழுகையானாலும் பரவாயில்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் வேலைக்கு ஓடுகிறேன், நீ டாக்டரிடம் ஓடு.

பாப்பாவின் அப்பா