வாசனை போட்டு அலசிய துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டி வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? போன்ல பேசினா என் குரலை வச்சே நீ கண்டுபிடிச்சிடுவ, அதான் எழுதுறேன்.

பயப்படாதம்மா, சின்ன விஷயம்தான். டயாப்பர் போட்டுப் போட்டு பாப்பாவுக்குத் தொடையெல்லாம் புண்ணாகி, துணிக்கு மாத்திட்டேன். குழந்தைகள் காப்பகத்து அக்கா முகம் சுளிச்சாங்க. கெஞ்சித்தான் சம்மதிக்க வச்சேன். துணி மெத்துன்னு இருக்கட்டும், மணக்கட்டுமேன்னு கடைசி அலசல்ல வாசனைத் திரவத்தைத் தாராளமா ஊத்தினேன், என் புத்தியை என்ன சொல்ல! அது மெழுகு மாதிரி படிஞ்சு, துணி ஒரு சொட்டு ஈரம்கூட உறிஞ்சல. இன்னிக்குக் காலையில பத்தரைக்கு காப்பகத்துலேர்ந்து போன் வந்துச்சு: "பாய், விரிப்பு எல்லாம் நனைஞ்சாச்சு. இப்பவே வந்து தூக்கிட்டுப் போங்க."

தையல் மெஷின்ல பாதிச் சட்டையை விட்டுட்டு ஓடினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே கத்தினார். திங்கட்கிழமை மறுபடி ஒழுகினா பாப்பாவைச் சேர்க்க மாட்டாங்களாம். எனக்கும் இனி லீவு கிடையாதாம்.

எல்லாத்தையும் வெந்நீர்ல நாலு தடவை அலசி ஜன்னல் கம்பியில போட்டிருக்கேன். காய மாட்டேங்குது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டேதான் எழுதுறேன்.

பாப்பா சிணுங்குறா, முடிக்கிறேன். உன் பழைய பருத்திப் புடவை நாலு அனுப்பு, நைஞ்சதா இருக்கட்டும். மூணைத் துவைச்சு அனுப்பு. ஒண்ணை நீ கட்டி அவிழ்த்தபடியே மடிச்சு வை. அது பாப்பாவுக்கு இல்லம்மா.

உன் மக