கரண்ட் போன மத்தியானம்

பென்னலூர்,
புதன்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

சுகா டிவியில் என்ன பார்க்கிறாள் என்று போனில் கேட்டீர்கள். இந்த ஒரு வருஷத்தில் அவள் பார்க்காத கார்ட்டூன் இல்லை. சைக்கிள் ஓட்டும் நண்டு, பல் தேய்க்காத முதலை, எல்லாவற்றின் வசனமும் மனப்பாடம். நாலு வயதில், விளையாடும்போது புத்தகத் தமிழ் பேசுகிறாள். கேட்டால் சிரிப்பீர்கள்.

அவளைப் பார்த்துக்கொண்ட செல்லம்மாள் அக்கா வேலைக்குப் போய்விட்டார். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை டிவிதான் துணை.

நேற்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடியது. நம் அறைக்கு ஜன்னல்கூட இல்லை. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினேன். "லைனை வுட்டு எங்கம்மா போற?" என்று சூப்பர்வைசர் தடுத்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்தால், இருட்டுக்குள் இரண்டு குரல்கள் கேட்டன.

"யாராவது இருக்கிறீர்களா?"

"அஞ்சாதே நண்பா, நான் வந்துவிட்டேன்."

இரண்டும் அவள்தான்.

உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி இன்னும் தரவில்லை என்று தெரியும். அதனால் வரச்சொல்லி எழுதவில்லை. லீவு கேட்டால் எனக்கு வேலை இருக்காது. இன்று காலையில் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நீ போம்மா. கரண்ட் போனா நானே பேசிக்கிடுதேன்," என்றாள்.

வெளியே பூட்டிவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா