வாடை வந்தால் சிரிப்பேன்

திருவள்ளூர்
12 செப்டம்பர்

அன்புள்ள ஹம்ஸாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்து விடும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். பெங்களூர்க் குளிரில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நாம் செய்த படக்கதையைக் கம்பெனியின் அறக்கட்டளை இரண்டாயிரம் பிரதி அச்சிடப் போகிறது, அட்டையில் உன் பெயர் வரும் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருடம் வரைந்தவளுக்கு இதுதான் முதல் புத்தகம். அது தெரிந்தேதான் கேட்கிறேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. போனில் சொன்னால் நீ எனக்குச் சமாதானம் சொல்வாய், நானும் கேட்டுக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சிறப்புக் குழந்தைகள் மையத்தை நீ பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி இருக்கிறது. கட்டடம் அந்தக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. பதினான்கு குழந்தைகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாற்றம் வரும். அழுகிய முட்டையையும் ரப்பரையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல இருக்கும். தயிர்சாதத்தில் இறங்கும், தலைமுடியில் தங்கும். மாலையில் பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவள் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருவாள். மையத்தில் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பூமிகா மட்டும் பேசினாள்.

நீ பச்சை கவுன் போட்டு வரைந்தாயே, அந்தப் பெண்தான். ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவள். ஜூன் மாதம் கம்பெனி அதிகாரி இனிப்புப் பெட்டியோடும் போட்டோக்காரரோடும் வந்த அன்றைக்கு நாற்றம் வந்தது. பூமிகா ஒரு கையால் தன் மூக்கை மூடிக்கொண்டாள். அவருக்கும் உதவி செய்வதாக நினைத்து, இன்னொரு கையால் அவர் மூக்கைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் எங்கள் நிர்வாகி வீரராகவன் என்னைக் கூப்பிட்டு, "அத்தினி பேரும் பாத்துக்கினு இருக்கறாங்க மேடம், அவரு மூக்கப் புடிச்சி அமுக்குது. மேனர்ஸ் இன்னான்னு ஒரு படக்கதை போட்டுக் குடுங்க. நீங்கதான் யூனிவர்சிட்டில படிச்சவங்களாச்சே" என்றார்.

அடுத்தவர் மூக்கைத் தொடக் கூடாது என்பது நியாயமான பாடம். அதை மட்டும் எழுதியிருக்கலாம். அவர் 'நாற்றம்' என்பதை அடித்து 'வாடை' என்று போட்டார். சிரிப்பைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கடைசியில் நம் கதை இப்படி நின்றது: எங்கள் மையத்துக்கு விருந்தினர் வருவார்கள். சில நேரம் வாடை வரும். வாடை வந்தால் கைகளை மடியில் வைத்துக்கொள்வேன். எல்லோரையும் பார்த்துச் சிரிப்பேன். வாடை தானாகப் போய்விடும்.

சமையல் வாடை பிடிக்காத பெண் என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீயும் இரண்டாவது படத்தில் ஆவி பறக்கும் சாம்பார் சட்டி வரைந்து அனுப்பினாய். வீரராகவனுக்கு அந்தச் சட்டி மிகவும் பிடித்துப்போயிற்று.

இந்தக் கதைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை, உனக்கே தெரியும். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க எழுதினேன், நடக்கவில்லை. பல் தேய்க்க எழுதினேன், அரைகுறையாக நடந்தது. என் கதைகளில் முழுவதும் பலித்தது இது ஒன்றுதான். தினமும் காலையில் படித்தாள். மூன்றே வாரத்தில் மூக்கிலிருந்து கை இறங்கிவிட்டது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் ஏதோ குழாய் உடைந்துபோனது. மஞ்சளாகப் புகை வந்தது. மற்ற பதின்மூன்று குழந்தைகளும் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் வாசலில் தலையெண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்ததால் உள்ளே போனேன். பூமிகா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள், இருமல் போகவில்லை. கம்பெனியிலிருந்து பழக்கூடை வந்தது. வீரராகவன் ஆஸ்பத்திரி நடையில் நின்று, "உங்க கதை சூப்பரா வேலை செய்யுது மேடம். மத்த புள்ளைங்கள்லாம் ஓடிச்சிங்கோ, இது ஒண்ணுதான் டிசிப்ளினா உக்காந்துக்கினு இருந்துச்சி" என்றார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அந்த வாரமே அறக்கட்டளை உனக்கு எழுதியிருக்கிறது. எட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். எனக்குக் கோபம் வந்தது. அவர்களை நினைத்து மட்டும் இல்லை.

பூமிகாவின் அம்மா குணசுந்தரி கவரப்பேட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறவள். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முதல்முறையாக நீ என்றாள். "அதுல இன்னா போட்டுக்கீதோ அத்ததான் செய்யும் அது. நான் சொன்னாலும் கேக்காது, அவங்க நைனா சொன்னாலும் கேக்காது. நீதான எழுதிக் குடுத்த? நீயே மாத்திக் குடு" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

சுவரிலிருந்து கதையை எடுத்துவிட்டேன், படங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பயன் இல்லை. வீட்டில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானே புதிதாக வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு தடவை பார்த்தாள். "இது பூமிகா இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். உன் கை வரைந்த பச்சை கவுன்காரிதான் அவளுக்குப் பூமிகா. அவள் செய்வதைத்தான் இவள் செய்வாள்.

தொழிற்சாலையைப் பற்றி மனு எழுதி, குணசுந்தரியும் நானும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறோம். அது எந்த மேஜையில் போய் நிற்குமோ. நாற்றம் அதுவரை காத்திருக்காது. நடவு நேரம், பத்து நாளுக்கு மேல் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்கிறாள் குணசுந்தரி. பூமிகாவைக் கொண்டுபோய் விட வேறு இடமும் இல்லை.

ஆகவே ஐந்து படங்கள் வேண்டும். வரிகள் இவை: நாற்றம் வந்தால் மூக்கை மூடுவேன். எழுந்து வெளியே ஓடுவேன். யார் வந்திருந்தாலும் ஓடுவேன். டீச்சரிடம் நாற்றம் என்று சொல்வேன். டீச்சர் கேட்பார்.

அதே கவுன், அதே ரெட்டைப் பின்னல். எதிலும் அவள் சிரிக்க வேண்டாம். கதவைப் பெரிதாக, திறந்தபடி போடு. என்மேல் கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. முதலில் வரைந்துவிட்டுக் கோபப்படு.

கடைசிப் படத்தில் ஏதோ ஒரு டீச்சரை வரைந்துவிடாதே, ஹம்ஸா. கண்ணாடியோடு, நரையோடு, என்னைப் போடு. பார்த்ததும் அவளுக்கு நான்தான் என்று தெரிய வேண்டும்.

உன் தபாலுக்குக் காத்திருக்கும்,
வைஜயந்தி